கூவாகம் திருவிழாவும் விழுப்புரமும்: ஒரு சிற்றூர் விழா ஆண்டுக் கூடுகையாக வளர்ந்த வரலாறு

கூவாகம் கூத்தாண்டவர் திருவிழா சித்திரை மாதத்தில் முழுநிலவை ஒட்டி நடைபெறும் பதினெட்டு நாள் விழாவாகும். அரவானைக் கணவனாக ஏற்றுத் தாலி கட்டிக்கொள்வதும், மறுநாள் அவன் களப்பலியானதற்காகத் தாலியறுத்து அழுவதும் இவ்விழாவின் உயிர்நிலைச் சடங்குகள். இந்தியாவின் பல மாநிலங்களிலிருந்தும் திருநங்கையர் இதற்காக வருகின்றனர்.

இவ்விழாவைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் தாலி, தேர், ஒப்பாரி ஆகிய மூன்றையே விவரிப்பர். ஆயினும் விழாவுக்கு வரும் திருநங்கையர் கோயிலில் செலவிடும் நேரம் ஓர் இரவும் ஒரு முற்பகலும்தான். அதற்கு முந்தைய நாள்களை அவர்கள் விழுப்புரம் நகரின் தங்கும் விடுதிகளிலும் திருமண மண்டபங்களிலும் திடல்களிலும் கழிக்கின்றனர். அங்கு நடக்கும் போட்டிகள், கருத்தரங்குகள், மருத்துவ முகாம்கள், உறவுச் சந்திப்புகள் ஆகியவை கோயில் விழாவின் பகுதிகள் அல்ல. விழாவுக்கு வந்தவர்கள் தாமாக உருவாக்கிக்கொண்டவை அவை. தமிழ்நாட்டில் திருநங்கையர் உரிமை பற்றிய பொதுப் பேச்சு வளர்ந்ததில் இந்நிகழ்ச்சிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அவ்வளர்ச்சியை இக்கட்டுரை விளக்குகிறது.

அமைவிடமும் வழிகளும்

கூவாகம் உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில் உள்ள ஒரு வேளாண் சிற்றூர். விழுப்புரத்திலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பழைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த இப்பகுதி 1993ஆம் ஆண்டில் விழுப்புரம் மாவட்டம் உருவானபோது அதில் அடங்கியது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியபின் கூவாகம் அம்மாவட்டத்திற்கு உரியதாயிற்று.

சிற்றூரில் நடக்கும் விழாவுக்கு விழுப்புரம் தங்குமிடமானதற்கு முதற்காரணம் தொடர்வண்டி. சென்னை எழும்பூரிலிருந்து தெற்கே செல்லும் தடம் இங்குதான் திருச்சிராப்பள்ளி நோக்கியும் மயிலாடுதுறை நோக்கியும் பிரிகிறது. காட்பாடி, புதுச்சேரி ஆகிய ஊர்களுக்கும் இங்கிருந்து தடங்கள் உள்ளன. மும்பை, பெங்களூரு போன்ற தொலைவூர்களிலிருந்து வருவோர்க்கு இறங்குவதற்கு ஏற்ற இடம் இச்சந்திப்பே.

சாலை வழியாக வருவோர்க்குத் திண்டிவனம் வாயிலாக அமைகிறது. சென்னையிலிருந்து வரும் நெடுஞ்சாலை திண்டிவனத்தில் புதுச்சேரிக்கும், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கும், விழுப்புரம் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்கும் கிளை பிரிகிறது. விழாக் காலத்தில் இச்சாலையில் பேருந்துகளிலும் வாடகை ஊர்திகளிலும் திருநங்கையர் குழுக்குழுவாக வருவதைக் காணலாம்.

அரவான் கதையும் வட்டார மரபும்

வடமொழி மகாபாரதத்தில் அரவான், இராவான் என்னும் பெயரில் வருகிறான். அருச்சுனனுக்கும் நாகர்குலப் பெண் உலூபிக்கும் பிறந்த இவன் போரின் எட்டாம் நாளில் அலம்புசன் என்னும் அரக்கனோடு பொருது மடிகிறான். தமிழ் மரபில் அவன் கதை வேறு வடிவம் பெற்றது. போர் தொடங்குமுன் வெற்றிக்காகக் காளிக்குத் தன்னையே பலி கொடுக்கும் வீரனாக அவன் ஆனான். கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலும் பின்னர் வில்லிபுத்தூரார் பாரதத்திலும் களப்பலிச் செய்தி இடம்பெற்றுள்ளது.

பலிக்கு முன் அரவான் மணம்புரிய விரும்பினான் என்பதும், மறுநாளே கைம்பெண் ஆவதற்கு எப்பெண்ணும் இசையாமையால் கண்ணனே மோகினியாகி அவனை மணந்தான் என்பதும் கூத்திலும் வாய்மொழி மரபிலும் விரிவாக வளர்ந்த பகுதிகள். திருநங்கையர் தம்மை மோகினியாகக் கருதித் தாலி கட்டிக்கொள்வதற்கு அடிப்படை இதுவே.

இக்கதை இப்பகுதியில் வேரூன்றியதற்குத் திரௌபதியம்மன் வழிபாடு காரணமாயிற்று. செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம் வட்டாரச் சிற்றூர்கள் பலவற்றில் திரௌபதியம்மன் கோயில்கள் உள்ளன. செஞ்சிக்கு அருகிலுள்ள மேலச்சேரி அவ்வழிபாட்டின் தொன்மையான தலமாகப் போற்றப்படுகிறது. இக்கோயில் விழாக்களில் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் தெருக்கூத்தும் நடைபெறும். அரவான் களப்பலி கூத்தில் தவறாது இடம்பெறும். அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் திரௌபதி வழிபாடு பற்றி 1988, 1991ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட இரு தொகுதிகள் செஞ்சிப் பகுதியை மையமாகக் கொண்டவை.

திரௌபதியம்மன் விழாவில் துணைப்பாத்திரமாக வரும் அரவான், கூத்தாண்டவர் கோயில்களில் தலைமைத் தெய்வமாகிறான். கடலூரை அடுத்த தேவனாம்பட்டினம், சிதம்பரம் பகுதியிலுள்ள கொத்தட்டை, புதுச்சேரி மாநிலத்துப் பாகூருக்கு அருகிலுள்ள பிள்ளையார்குப்பம் முதலிய ஊர்களிலும் கூத்தாண்டவர் கோயில்கள் உள்ளன. அவற்றுள் மிகப் பெரிய கூட்டம் கூடுவது கூவாகத்தில்தான்.

விழாவின் நாள்முறை

விழா சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை சாகை வார்த்தலுடன் தொடங்குகிறது. சுற்றுப்புற ஊர் மக்கள் கூழைக் குடங்களில் கொண்டுவந்து படைத்து அனைவர்க்கும் வழங்குவர். அடுத்த நாள்களில் பாரதச் சொற்பொழிவும் சாமி புறப்பாடும் நடைபெறும். பதினெட்டு நாள் என்னும் கணக்கு பாரதப் போரின் பதினெட்டு நாளைக் குறிக்கும்.

விழாவின் இறுதிக் கட்டத்தில் வரும் செவ்வாய்க்கிழமை மாலையில் சாமிக்குக் கண் திறக்கப்படும். அதன்பின் பூசாரிகள் கையால் தாலி கட்டிக்கொள்ளும் நிகழ்ச்சி தொடங்கி இரவு முழுவதும் நீடிக்கும். புதன்கிழமை காலையில் தேரோட்டம். தேரில் அரவானின் பேருருவம் நிறுத்தப்படும். அதன் உறுப்புகளையும் அணிகளையும் சுற்றுப்புற ஊர்கள் உரிமைமுறைப்படி கொண்டுவந்து சேர்க்கின்றன. தேர் பந்தலடியை நோக்கிச் செல்லும். அங்குள்ள அழுகளத்தில் தாலிகள் அறுக்கப்படும், வளையல்கள் உடைக்கப்படும், பூ களையப்படும். பின்னர் குளித்து வெள்ளைப் புடவை உடுத்தித் திருநங்கையர் ஊர் திரும்புவர். தருமர் முடிசூட்டு நிகழ்ச்சியுடன் விழா நிறைவெய்தும்.

நேர்த்திக்கடனாகத் தாலி கட்டிக்கொள்வோர் திருநங்கையர் மட்டுமல்லர். சுற்றுப்புறச் சிற்றூர்களின் ஆண்களும் சிறுவர்களும் நோய் நீங்கவும் வேண்டுதல் நிறைவேறவும் தாலி கட்டிக்கொள்கின்றனர். அறுவடை, மழை, பிள்ளைப்பேறு ஆகியவற்றுக்காக வேண்டிக்கொள்ளும் உழவர் விழாவாகவும் இது இருந்து வருகிறது. கூவாகம் மக்களுக்கு இது ஊர்த் திருவிழா. வெளியூர்த் திருநங்கையர்க்கு இது தம் இனத்தாரின் திருவிழா. ஒரே கோயிலில் இரண்டும் இணைந்து நடப்பது இவ்விழாவின் தனித்தன்மை.

உறவுகள் கூடும் இடம்

வீட்டாரால் விலக்கப்பட்ட திருநங்கையர் தமக்குள் ஓர் உறவுமுறையை அமைத்துக்கொண்டுள்ளனர். மூத்தவர் ஒருவர் இளையவரை மகளாகத் தத்தெடுப்பார். மகளுக்கு மகள் பேத்தி. தாயின் தாய் நானி எனப்படுவார். குரு, சேலா என்னும் முறையும் ஜமாத் என்னும் கூட்டமைப்பும் இதனோடு தொடர்புடையவை. இவ்வுறவினர் ஒரே ஊரில் வாழ்வதில்லை. தாய் மும்பையிலும் மகள் தூத்துக்குடியிலும் இருக்கலாம். அவர்கள் ஆண்டுக்கொரு முறை சந்திக்கும் இடமாகக் கூவாகம் விழா அமைந்தது.

எனவே விழுப்புரத்து விடுதிகளில் விழாவுக்கு முந்தைய நாள்களில் நடப்பது வெறும் தங்கல் அன்று. மூத்தவர்களைக் கண்டு வணங்குதல், புதிதாக வந்தவர்களை அறிமுகம் செய்தல், ஒருவருக்கொருவர் புடவையும் நகையும் வாங்கித் தருதல், ஓராண்டில் இறந்தவர்களை நினைத்துப் பேசுதல், பூசல்களைப் பெரியவர் முன்னிலையில் தீர்த்துக்கொள்ளுதல் எல்லாம் அங்கு நிகழும். நகரின் வளையல் கடைகளும் துணிக்கடைகளும் பூக்கடைகளும் இந்நாள்களில் நிறைந்திருக்கும். முதன்முறை வரும் இளையவர் ஒருவர்க்கு, தம்மைப் போன்றோர் ஆயிரக்கணக்கில் இருப்பதைக் கண்ணால் காணும் வாய்ப்பும் இங்குதான் கிடைக்கிறது. தாம் தனியாள் என்னும் எண்ணத்தோடு வந்தவர் அவ்வெண்ணம் நீங்கித் திரும்புகிறார்.

விழுப்புரத்து மேடைகள்

இக்கூட்டம் முறையான நிகழ்ச்சிகளாக மாறியதில் 1990களுக்குப் பிந்தைய காலம் முக்கியமானது. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் 1986ஆம் ஆண்டு சென்னையில் கண்டறியப்பட்டது. 1994ஆம் ஆண்டில் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைந்தது. நாடெங்கும் சிதறி வாழும் திருநங்கையரை ஒரே இடத்தில் சந்திக்க வேறு வழி இல்லாமையால் நலவாழ்வுத் துறையும் தொண்டு நிறுவனங்களும் கூவாகம் விழாவை நாடின. விழிப்புணர்வு அரங்குகள், குருதிப் பரிசோதனை, ஆணுறை வழங்கல், பாலியல் நோய் மருத்துவம் ஆகியவை விழுப்புரத்திலும் கூவாகத்திலும் விழாவின் வழக்கமான பகுதிகளாயின.

இம்முயற்சியால் இருவகை விளைவுகள் ஏற்பட்டன. திருநங்கையரை நோயோடு மட்டும் இணைத்துப் பார்க்கும் பார்வை அரசு மொழியில் படிந்தது. மறுபுறம், திருநங்கையர் அமைப்புகள் பதிவு பெற்றன. அலுவலர்களோடு நேருக்குநேர் பேசும் பழக்கம் உண்டாயிற்று. நோய்த்தடுப்புக்காகப் போடப்பட்ட மேடையில் குடும்ப அட்டை, வீட்டு மனை, கல்வி, காவல் நிலையத்தில் நேரும் துன்பம் ஆகியவை பேசப்பட்டன.

அம்மேடைகளுள் மிகுதியாக அறியப்பட்டது ‘மிஸ் கூவாகம்’ அழகிப் போட்டி. தாலி கட்டும் நாளுக்கு முந்தைய ஞாயிறு, திங்கள் நாள்களை ஒட்டி இது பெரும்பாலும் நடைபெறும். திருநங்கையர் அமைப்புகள் இதனை நடத்துகின்றன. போட்டியாளர்கள் உடை, நடை, ஒப்பனை ஆகியவற்றால் முதற்கட்டத் தேர்வு பெறுவர். இறுதிச் சுற்றில் பொது அறிவு, எய்ட்ஸ் விழிப்புணர்வு, திருநங்கையர் வாழ்வு ஆகியவை குறித்த கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டும். பாட்டும் நடனமும் இடையிடையே நிகழும். அமைச்சர்கள், மாவட்ட அலுவலர்கள், திரைக்கலைஞர்கள் ஆகியோர் விருந்தினர்களாக வருவதுண்டு.

இப்போட்டி குறித்துத் திருநங்கையரிடையேயும் மாற்றுக் கருத்துகள் உண்டு. அழகை அளவுகோலாக்குவது வறியவர்களையும் மூத்தவர்களையும் ஓரங்கட்டும் என்பது ஒரு கருத்து. தெருவில் ஏளனத்துக்கு உள்ளான உடல் மேடையில் கைத்தட்டல் பெறுவது சிறுமாற்றம் அன்று என்பது மற்றொரு கருத்து. இரண்டிலும் உண்மை இருக்கிறது. வரலாற்று நோக்கில் கருதத்தக்கது ஒன்று: இப்போட்டிக்காக வந்த செய்தியாளர்களின் ஒலிவாங்கிகளில்தான் திருநங்கையரின் கோரிக்கைகள் ஆண்டுதோறும் பதிவாயின. சென்னையில் முதல் வானவில் பேரணி 2009 சூனில் நடந்தது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே விழுப்புரத்துத் தெருக்களில் திருநங்கையர் அச்சமின்றிக் கூட்டமாக நடந்து பழகியிருந்தனர்.

திறந்தவெளி இரவு

செவ்வாய் பிற்பகலிலிருந்து கூட்டம் விழுப்புரத்தை விட்டுக் கூவாகத்துக்கு நகர்கிறது. சிறப்புப் பேருந்துகள் இயக்கப்படும். ஊர்க்குள் இடம் போதாமையால் கோயிலைச் சுற்றியுள்ள அறுவடை முடிந்த வயல்களே விழாத்திடலாகும். தாலிச்சரடு, மஞ்சள் கிழங்கு, கண்ணாடி வளையல், கற்பூரம், மல்லிகை விற்கும் கடைகள் வயலோரம் வரிசையாக அமையும்.

தாலி கட்டிக்கொண்டு வெளியே வரும் திருநங்கையர் கற்பூரத்தைக் குவித்து ஏற்றுவர். பலர் தரும் கற்பூரம் சேர்ந்து பெருந்தீயாக வளரும். அதனைச் சுற்றிக் கைகொட்டிக் கும்மியடித்துப் பாடுவர். அரவான் புகழ், மணமகளின் மகிழ்ச்சி, கேலி ஆகியவை அப்பாடல்களில் இடம்பெறும். கும்மி தமிழ்ச் சிற்றூர்ப் பெண்களின் ஆட்டம். திருமண வீட்டில் ஆட அழைக்கப்படாதவர்கள் தம் திருமண இரவில் அதனைத் தாமே ஆடுகின்றனர். வெவ்வேறு மொழி பேசும் திருநங்கையரும் அவ்வட்டத்தில் இணைந்துகொள்வர்.

மறுநாள் அழுகையையும் இதே நோக்கில் புரிந்துகொள்ள வேண்டும். பெற்றோர் இறந்தபோதும் வீட்டுக்குள் விடப்படாத பலர் அழுகளத்தில் மாரடித்து அழுகின்றனர். அரவானுக்காக அழும் அழுகையில் அவரவர் இழப்பும் கலந்திருக்கும். இச்சடங்கைக் கைம்மையைப் போற்றும் பழைய வழக்கமாகக் கண்டு மறுக்கும் திருநங்கையரும் இருக்கின்றனர். விழாவுக்கு வந்தும் தாலி கட்டிக்கொள்ளாதவர்களும் உள்ளனர்.

பார்வையாளர் கூட்டமும் தொல்லைகளும்

விழாவின் புகழ் பெருகப் பெருகப் பார்வையாளர் கூட்டமும் பெருகியது. ஒளிப்படக்காரர்கள், வெளிநாட்டுப் பயணிகள், ஆய்வாளர்கள் ஆகியோர் வந்தனர். சந்தோஷ் சிவன் இயக்கிய ‘நவரசா’ என்னும் தமிழ்த் திரைப்படம் இவ்விழாவை ஒட்டிய கதையைக் கொண்டது. 2005ஆம் ஆண்டளவில் வெளியான அப்படம் விழாவைத் தொலைவிலுள்ளோர்க்கும் அறிமுகப்படுத்தியது.

இவர்களோடு திருநங்கையரைச் சீண்டும் நோக்கத்துடன் வருவோரும் கலந்தனர். வயல்வெளி இருளில் சீண்டலும் வன்முறையும் திருட்டும் விழாவின் தீராத குறைகளாயின. இசைவு கேளாமல் முகத்துக்கு நேரே படமெடுப்பதும் அதே வகையில் சேரும். வீட்டாருக்குத் தெரியாமல் வரும் ஒருவரின் படம் வெளியானால் அவர் வேலையும் உறைவிடமும் இழக்க நேரிடலாம். காவல் துறையின் பாதுகாப்பு ஆண்டுதோறும் பெருமளவில் செய்யப்படுகிறது. எனினும் முதலில் வேண்டுவது விருந்தினராக வருவோரின் நடத்தை மாற்றமே என்பதைத் திருநங்கையர் அமைப்புகள் தொடர்ந்து வலியுறுத்துகின்றன.

சொல்லும் சட்டமும்

விழாக் கூடுகையின் தாக்கத்தைச் சொற்களிலும் காணலாம். முன்பு பொதுவழக்கில் இருந்த சொற்கள் பல இழிவுப்பொருள் கொண்டவை. அரவானின் துணைவியர் என்னும் பொருளில் ‘அரவாணி’ என்னும் சொல் 1990களின் இறுதியில் பரவியது. அது கூவாகம் மரபிலிருந்து பிறந்த சொல். ஒரு கோயில் கதையோடு தம்மைப் பிணைக்காத பொதுச்சொல் வேண்டும் என்ற எண்ணம் பின்னர் எழுந்தது. ‘திருநங்கை’ என்னும் சொல் அவ்விடத்தைப் பெற்று அரசு ஆவணங்களிலும் நிலைத்தது. பெண்ணாகப் பிறந்ததாகக் கருதப்பட்டு ஆணாக வாழ்வோர் ‘திருநம்பி’ எனப்பட்டனர்.

எழுத்திலும் மாற்றம் நேர்ந்தது. சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’ புதினம் 1990களில் இவர்கள் வாழ்வைப் பெருவாசகர் முன் வைத்தது. அடுத்த பத்தாண்டில் ரேவதி, லிவிங் ஸ்மைல் வித்யா, பிரியா பாபு ஆகியோர் தம் வாழ்வையும் தம் சமூகத்தையும் தாமே எழுதினர்.

2008 ஏப்பிரல் 15 அன்று தமிழ்நாடு அரசு திருநங்கையர் நலவாரியத்தை அமைத்தது. இந்தியாவில் இத்தகைய வாரியம் இதுவே முதலாவது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் அல்லாத மூன்றாம் பிரிவும் இடம்பெற்றது. அதில் இந்தியாவில் ஏறத்தாழ 4.88 லட்சம் பேரும் தமிழ்நாட்டில் 22,364 பேரும் பதிவாயினர். வெளிப்படப் பதிவு செய்யத் தயங்கியோர் பலர் ஆதலின் இது குறைந்த எண்ணிக்கை என்றே கொள்ளப்படுகிறது. 2014 ஏப்பிரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் தம் பாலினத்தைத் தாமே முடிவுசெய்யும் உரிமையை ஏற்றுத் தீர்ப்பளித்தது. 2019இல் நாடாளுமன்றம் மாற்றுப் பாலினத்தவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. அச்சட்டம் போதாது என்னும் திறனாய்வும் உடன் எழுந்தது.

இம்மாற்றங்களுக்குக் கூவாகம் ஒன்றே காரணம் என்பது மிகையாகும். வழக்குகள், சென்னையிலும் மதுரையிலும் செயல்பட்ட அமைப்புகள், அரசியல் முடிவுகள் ஆகியவை நேரடிக் காரணங்கள். ஆனால் அமைப்பாவதற்கு முதலில் ஒன்றுகூட இடம் வேண்டும். தமிழ்நாட்டுத் திருநங்கையர்க்கு அவ்விடத்தை அளித்தவை ஒரு சிற்றூர்க் கோயிலும் அதனை அடுத்த ஒரு சந்திப்பு நகரமும் ஆகும்.

அண்மைக்காலம்

கொரோனா பெருந்தொற்றால் 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளிலும் விழா வழக்கம்போல் நடைபெறவில்லை. கைப்பேசியில் பேசிக்கொள்ள முடிந்த காலத்திலும் நேரிற் கூடுவதன் தேவை குறையவில்லை என்பதை 2022இல் மீண்டும் நடந்த விழாவின் பெருங்கூட்டம் காட்டியது. மாவட்டம் பிரிந்தபின்னும் போட்டிகளும் அரங்குகளும் விழுப்புரத்தில் தொடர்கின்றன.

இன்று விழாவுக்கு வருவோரில் காவல் துறை, கல்வி, கலை எனப் பல துறைகளில் பணிபுரியும் திருநங்கையரும் உள்ளனர். அவர்களோடு, வேலை கிடைக்காமல் கடைதோறும் கையேந்துவோரும் வருகின்றனர். கும்மி வட்டத்தில் இவ்விரு சாராரும் கைகோக்கின்றனர். புதன்கிழமை மாலைக்குள் வயல்கள் வெறுமையாகும். வெள்ளைப் புடவை உடுத்தியவர்கள் விழுப்புரம் சந்திப்பில் வண்டிக்காகக் காத்திருப்பர். பொதுப்பெட்டியில் அவர்களுக்கு அருகில் இடம்விட்டு அமர்வோர் எத்தனை பேர் என்பதைக் கொண்டு, பதினெட்டு நாள் விழா சுற்றியுள்ளோரிடம் செய்த மாற்றத்தை அளவிடலாம்.